இறக்கிய மிடி பாட்டை யமஹா க்யூஒய்700-ல் ரீமிக்ஸ் செய்வது எப்படி?

மிடி கோப்புக்குள் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக, எந்த வாத்தியத்தில் என்ற குறிப்புகள் மட்டும்தான். அதனால் வேகத்தைக் கூட்டினாலும் சுருதி ஏறாது; பேஸை மட்டும் தூக்கிவிட்டு வேறு வாசிக்கலாம். ரீமிக்ஸ் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. க்யூஒய்700 ஒரு சீக்வென்சர், அதாவது இந்தக் குறிப்புகளைப் பதிந்து, திருத்தி, வாசிக்கும் கருவி. வேறு சீக்வென்சர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசை ஒத்துவரும். மெனுவின் பெயர்கள்தான் மாறும்.

படி 1: கோப்பைக் கணினியில் திறந்து, ஃபார்மட் 0-ஆக (மிடி கோப்பின் எளிய வகை) சேமியுங்கள். பழைய கருவிகள் தகராறு இல்லாமல் படிப்பது அதைத்தான். பெயர் எட்டு ஆங்கில எழுத்துக்குள் இருக்கட்டும். பிறகு ஃப்ளாப்பியில் போட்டு லோட் செய்யுங்கள்.

படி 2: ட்ராக்குகளை ஒவ்வொன்றாக மியூட் செய்து கேளுங்கள். எதில் என்ன இருக்கிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1991-ல் வந்த ஜெனரல் மிடி முறைப்படி சேனல் 10 எப்போதும் டிரம்ஸ்.

படி 3: புதியவர்கள் திணறுவது இங்கேதான். பேஸுக்கு வேறு டோன் வைக்கிறீர்கள். முதலிலிருந்து ஓடவிட்டால் பழைய டோனே திரும்பிவிடும். காரணம், முதல் பாரில் (தாளத்தின் முதல் சுற்றில்) உட்கார்ந்திருக்கும் புரோகிராம் சேஞ்ச் (டோனைத் தேர்ந்தெடுப்பது), வால்யூம், பான் (ஒலி இடமா வலமா என்பது) கட்டளைகள். ஈவென்ட் லிஸ்ட்டை (ட்ராக்கில் உள்ள கட்டளைகளின் பட்டியலை) திறந்து அங்கேயே மாற்றுங்கள். பேஸ் ட்ராக்கில் புரோகிராம் எண் 34 என்றிருந்தால் அது விரலால் மீட்டும் எலக்ட்ரிக் பேஸ். அதை 39 ஆக்கினால் சின்த் பேஸ். (0-விலிருந்து எண்ணும் கருவிகளில் இவை 33, 38.) ஆரம்பத்தில் ஜிஎம் (ஜெனரல் மிடி) ரீசெட் கட்டளை இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

படி 4: டிரம்ஸை முழுக்க மாற்றுங்கள். ரீமிக்ஸின் முகமே அதுதான். பழைய ட்ராக்கை அழிக்காமல் மியூட் செய்துவிட்டு, காலியான ட்ராக் ஒன்றைச் சேனல் 10-க்கு அமைத்து இரண்டு பார் புதிதாக வாசியுங்கள். சுர எண்கள்: கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் 42, திறந்தது 46. நான்கு அடியிலும் கிக் வைத்தாலே பாட்டின் நடை மாறிவிடும். ஹை-ஹாட்டுக்குக் கொஞ்சம் ஸ்விங் கொடுங்கள்; அதாவது, ஜோடி ஜோடியாக வரும் சுரங்களில் இரண்டாவதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். ஒரு அடிக்கு 480 கிளாக் (கருவி நேரத்தை எண்ணும் துண்டு). பதினாறாம் பங்கு சுரம் 120 கிளாக். ஜோடியில் இரண்டாவது சுரம் 120-ல் விழாமல் 139-ல் விழுந்தால், கிட்டத்தட்ட 58 சதவீத ஸ்விங். காதுக்கு அது ஆட்டமாகவே கேட்கும்.

மெலடியைக் க்வாண்டைஸ் செய்யாதீர்கள் (சுரங்களைத் தாளக் கட்டத்தில் சரியாக ஒட்டவைப்பதுதான் க்வாண்டைஸ்). கையால் வாசித்த கோப்பென்றால், அந்தச் சின்னச் சின்ன முன்பின்தான் பாட்டுக்கு உயிர்.

படி 5: பார்களை நகலெடுத்து வரிசையை மாற்றுங்கள். எட்டு பார் பேஸே இல்லாமல் விட்டு, பிறகு கிக்கோடு சேர்த்து இறக்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு படி முடிந்ததும் வேறு பெயரில் சேமியுங்கள். மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். கடைசியாகக் கணினியில் பதிவு செய்யும்போது டிரம்ஸ், பேஸ், மெலடி என்று ஒவ்வொன்றையும் சோலோ செய்து (அது மட்டும் ஒலிக்கவிட்டு) லைன் அவுட் வழியாகத் தனித்தனியாக எடுங்கள். மிக்ஸிங்கில் கை தாராளமாக ஓடும்.