சூப்பர்ஹீரோவின் முதுகில் டெலிவரிப் பை

நான் முதலில் வரைந்த சூப்பர்ஹீரோ படத்தில் ஏழு கிண்டல்கள் இருந்தன. முதுகில் சாப்பாட்டுப் பை, கையில் விரிசல் விட்ட போன், தலைக்கு மேல் ரேட்டிங் நட்சத்திரங்கள், கிழிந்த பூட்ஸ், பெரிய தொப்பை என்று அடுக்கியிருந்தேன். பார்த்தவர்கள் தொப்பைக்குச் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். நான் குத்த நினைத்தது, கேட்டதெல்லாம் உடனே வாசலுக்கு வர வேண்டும் என்கிற நம் அவசரத்தை. அடி விழுந்ததோ பை சுமப்பவன் மேல்.

அதனால் நக்கல் படம் வரைய பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அன்றைக்கு வரைய வேண்டாம்.

அப்புறம் உருவம். பார்த்தவுடனே பிடிபட வேண்டும், ஆனால் முழுக் கதாபாத்திரமும் தேவையில்லை. முதுகில் பறக்கும் சிவப்புக் கேப் துணியும் கண்ணை மறைக்கும் முகமூடியும் இருந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். இதில் சட்டச் சிக்கலும் குறைவு. முழுக் கதாபாத்திரத்துக்கு உரிமை நெடுநாள் நீடிக்கும்: 1928-இல் திரைக்கு வந்த மிக்கி மவுஸுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை முடிய 2024 ஜனவரி 1 ஆகிவிட்டது. பிற்கால மிக்கியின் மாற்றங்களுக்கு அங்கே இன்னும் உரிமை இருக்கிறது.

இனி, அந்த உருவத்தில் ஒரே ஒரு மாற்றம். சீன ஓவியர் வாங் குவாங்யி, மாவோ நடத்திய கலாச்சாரப் புரட்சிக்காலப் பிரசாரச் சுவரொட்டிகளில் வரும் தொழிலாளர்களையும் கொக்கோ கோலா போன்ற பிராண்டு பெயர்களையும் ஒரே படத்தில் அருகருகே வைத்தார். அவ்வளவுதான், வேறு விளக்கம் கிடையாது. நானும் ஆறு கிண்டல்களை அழித்தேன். பையை மட்டும் விட்டுவைத்தேன். பட்டைக்கு அடியில் மாட்டிக் கசங்கிப் போன கேப், நான் யோசித்து வைத்ததில்லை. பையைப் போட்டதும் தானாக வந்தது. படத்தில் அதுதான் பேசுகிறது.

வண்ணம் பூசுவதில் சோம்பல் கூடாது. நக்கல் படம்தானே என்று கிறுக்கலாகப் பூசினால் கண் நிற்காது. விளம்பரப் பலகை போல் பளபளவென்று இழுக்க வேண்டும். கேன்வாஸில் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு கோட், நடுவில் உப்புத்தாள் தேய்ப்பு. சிறு ஸ்கெட்சைக் கட்டம் போட்டுப் பெரிதாக்குங்கள். அக்ரிலிக் வண்ணம் காய்ந்ததும் சற்றுக் கருத்துப்போகும், எனவே சிவப்பைத் தனித்துண்டில் பூசிக் காயவைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரே தடிப்பான பூச்சு பிரஷ் தடத்தைக் காட்டிக்கொடுக்கும். மெல்லிசாக மூன்று தடவை பூசுங்கள். நேர்க்கோட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினால், அதன் ஓரத்தில் முதலில் மீடியம் என்கிற, அக்ரிலிக்கில் கலக்கும் நிறமற்ற பசையைத் தடவிவிடுங்கள். வண்ணம் அடியில் கசியாது. இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு முழு முகமூடியைப் பாழாக்கினேன். கறுப்பு வெளிக்கோடு கடைசியில்தான், நீளமயிர் லைனர் பிரஷ்ஷில், மூச்சை அடக்கிக்கொண்டு.

வார்னிஷ் போடும் முன் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் முதலில் எங்கே பார்க்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

தலைப்பில் கிண்டலை விளக்கிவிடாதீர்கள். என் படத்துக்கு முதலில் ‘நவீன அடிமை’ என்று பெயர் வைத்திருந்தேன். இப்போது கேன்வாஸின் பின்னால் அதை அடித்துவிட்டு, ‘மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன்.