மண் அணைக்கு எத்தனை லோடு மண் வேண்டும்? கணக்குப் போட்டுப் படம் வரைவோம்

கலிஃபோர்னியாவில் ஃபெதர் ஆற்றில் நிற்கும் ஓரோவில் அணையின் உயரம் 235 மீட்டர். அதில் கொட்டி இறுக்கிய மண்ணும் கல்லும் சுமார் 6 கோடி கன மீட்டர். தங்கம் தோண்டியவர்கள் ஆற்றோரம் விட்டுப்போன கூழாங்கல் மேடுகளைத்தான் பெரும்பாலும் ரயிலில் ஏற்றி வந்தார்கள். நீர்மின் அணை எதுவானாலும் மண் வேலைக்கான கணக்கு ஒன்றுதான்.

முதலில், சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் அணையின் அச்சைப் (நீளவாக்கில் போகும் நடுக்கோடு) போடுங்கள். 20 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு வரையுங்கள். நடுவில் நீரைத் தடுக்கும் களிமண், அதை ஒட்டி வடிகட்டி மணல், வெளியே சரளை: மூன்றுக்கும் மூன்று வண்ணம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது, அதனால் பரப்பையும் தனித்தனியாகவே எடுங்கள்.

அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளில் களிமண் பரப்பு 120, 160 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 140. அதை 20 மீட்டரால் பெருக்கினால் 2,800 கன மீட்டர்.

சரி, 2,800 கன மீட்டர் மண் போதுமா? போதாது. இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரே மண்ணுக்கு மூன்று அளவு உண்டு. மண் எடுக்கும் குழியில் கிடக்கும் 1 கன மீட்டர் களிமண், தோண்டியதும் பொலபொலவென்று 1.25 ஆக உப்பும். ரோலர் ஏறி இறுகியபின் 0.9 ஆகச் சுருங்கும். (இவை உதாரண எண்கள். உங்கள் மண்ணை ஆய்வகத்தில் சோதித்துத்தான் எடுக்க வேண்டும்.) ஆக, குழியில் தோண்ட வேண்டியது 2,800 ÷ 0.9, அதாவது 3,111. டிப்பரில் ஏறுவது 3,111 × 1.25, அதாவது 3,889. ஒரு டிப்பர் 14 கன மீட்டர் கொள்ளும் என்றால் 278 நடை. எக்செலில் மூன்று அளவுக்கும் மூன்று பத்தி வையுங்கள், தலைப்பில் எது எந்த அளவு என்று எழுதிவிடுங்கள். அதைச் செய்யாத தாளை நான் நம்ப மாட்டேன்.

அப்புறம் படம். கிடை அச்சில் மாதங்கள், செங்குத்து அச்சில் அதுவரை சேர்ந்த மொத்தக் கன மீட்டர். அணைக்குத் தேவையானது ஒரு கோடு, குழிகளிலிருந்து வந்து சேரக்கூடியது இன்னொரு கோடு. இரண்டையும் இறுகிய அளவிலேயே வரையுங்கள். வரத்துக் கோடு தேவைக் கோட்டுக்குக் கீழே போகும் மாதத்தில் ரோலர் சும்மா நிற்கும். அதற்கு முன்பே இன்னொரு குழியைத் திறக்க வேண்டும்.

கடைசியாக, குறுக்குவெட்டில் ஒவ்வொரு மாதமும் எட்ட வேண்டிய உயரத்தைக் கோடிடுங்கள். வெள்ளக் காலத்துக்கு முந்தைய கோட்டைச் சிவப்பில் தடித்துப் போடுங்கள். 1964 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தபோது ஓரோவில் அணை பாதிதான் எழும்பியிருந்தது. அதுவே வெள்ளத்தின் உச்சத்தைக் கணிசமாகக் குறைத்தது.