வியர்வையை அளக்கும் பேட்ச்: செய்யக் கூடாத தவறுகள்

முன்கையில் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு வியர்வை போகிறது, அதோடு எவ்வளவு உப்பு போகிறது என்று காட்டும் பேட்ச்கள் வந்துவிட்டன. விளையாட்டு வீரர்களுக்காகத்தான் இவை முதலில் விற்பனைக்கு வந்தன. ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கம் வைகாசி வெயிலில் மாங்காய் பறிப்பவர்களுக்கும் கிரானைட் குவாரியில் நிற்பவர்களுக்கும்தான் இதன் தேவை அதிகம் என்பேன்.

பலரும் செய்யும் பெரிய தவறு, அது காட்டும் எண்ணை உடம்பில் இருக்கும் நீரின் அளவு என்று நினைப்பது. வெளியே போவது மட்டும்தான் பேட்சுக்குத் தெரியும். வெறும் டீயோடு வேலைக்கு வந்தவருக்கும், ராகிக் களியும் மோருமாகச் சாப்பிட்டு வந்தவருக்கும் அது ஒரே எண்ணைக் காட்டலாம். அதனால் வேலைக்கு முன்னும் பின்னும் எடையும் பாருங்கள். நடுவில் எதுவும் குடிக்காமல் 1 கிலோ குறைந்திருந்தால், ஏறக்குறைய 1 லிட்டர் நீர் போயிருக்கிறது.

அடுத்தது ஒட்டும் விதம். கையில் மாங்காய்ப் பாலோ கல் தூசியோ எண்ணெயோ இருந்தால் பேட்ச் சரியாகப் பிடிக்காது. முந்தைய வியர்வை காய்ந்து தோலில் உப்பு பூத்திருந்தால், அது புது வியர்வையில் கரைந்து அளவைக் கூட்டிக் காட்டும். கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, சொன்ன இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். நெற்றியும் முன்கையும் ஒரே மாதிரி வியர்ப்பதில்லை.

அடுத்தவர் ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்கள் உப்பு சேர்க்காதீர்கள். 1 லிட்டர் வியர்வையில் சோடியம் சுமார் 10 முதல் 90 மில்லிமோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) வரை ஆளுக்கு ஆள் மாறும். வெயில் பழகிய உடம்பு உப்பைக் குறைவாகவே விடும்.

எண் ஏறுகிறதே என்று பயந்து வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதை நீர் குறைந்ததாக நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். நெடுநேரம் வியர்த்தால் உப்பு போட்ட மோர், அல்லது பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரைத்த ஓஆர்எஸ் குடிக்கலாம். பிபி, சிறுநீரகத் தொல்லை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வியர்வையில் சர்க்கரை ரத்தத்தில் இருப்பதைவிட மிக மிகக் குறைவு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பேட்சை நம்பி இன்சுலின் அளவை மாற்றவே கூடாது.

வெயிலில் ஒருவர் பிதற்றினாலோ மயங்கினாலோ பேட்சின் எண்ணைக் காட்டும் மொபைல் ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள்.