முதல் குதிரை வாங்கப் போகிறீர்களா? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிமுறை

குதிரையைப் பார்க்கப் போவதற்கு முன்னால் அது நிற்கப்போகும் இடத்தைப் பாருங்கள். ஒரு குதிரை படுத்துப் புரண்டு எழ 12 அடிக்கு 12 அடியாவது வேண்டும். ஐப்பசி மழையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்கள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஈரத்திலேயே நிற்கும் குதிரைக்குக் குளம்பு அழுகும், அதனால் தரையை மேடாக்குங்கள். நம் வெயிலுக்கு நாளைக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தெரு என்றால் இதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து, எதற்காக வாங்குகிறீர்கள்? கல்யாண ஊர்வலத்துக்கு என்றால் நுக்ரா என்கிற வெள்ளைக் குதிரையைத்தான் கேட்பார்கள். மற்றபடி மார்வாரி இனம் ராஜஸ்தானுடையது, கத்தியவாரி இனம் குஜராத்துடையது. இரண்டுக்கும் காது நுனி உள்பக்கம் வளைந்திருக்கும். ஆனால் கலப்புக் குதிரைக்கும் காது வளையும், அதை மட்டும் பார்த்து ஜாதிக் குதிரை விலை கொடுக்காதீர்கள். ரேஸிலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் மலிவாகக் கிடைத்தாலும் புதியவர்களுக்கு வேண்டாம். சட்டென்று மிரளும். பழகுவதற்கு நல்ல குணமுள்ள நாட்டு மட்டக்குதிரையே போதும் என்பேன்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு ஒருமுறை போய் வாருங்கள். வாங்க வேண்டாம், சும்மா பாருங்கள். பல இனங்களை ஒரே இடத்தில் பார்த்தால் கண் பழகும்.

சரி, இப்போது குதிரை முன்னால் நிற்கிறீர்கள். கால்களிலிருந்து தொடங்குங்கள். என் முதல் குதிரை, விற்றவருடைய கொட்டகையில் துள்ளிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் எங்கள் தெரு சிமெண்ட் ரோட்டில் முன்காலை ஊன்றவே மறுத்தது. வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக் காட்டியிருக்கலாம் என்றார் மருத்துவர். அதனால் வேறு வேறு நாளில் இரண்டு முறை போங்கள், ஒருமுறை சொல்லாமலே போங்கள். கெட்டித் தரையில் நேராக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே போகும். நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள், தூக்க விடுகிறதா என்பதிலேயே பாதி குணம் தெரிந்துவிடும்.

அப்புறம் பல். ஓர முன்பல் நாலரை வயதுவாக்கில் விழுந்து முளைக்கும், 5 வயதில் வாய் நிறையும். மேல் ஓரப்பல்லில் ஈறிலிருந்து ஒரு பழுப்புக் கோடு இறங்கத் தொடங்கினால் சுமார் 10 வயது, பாதிவரை வந்திருந்தால் 15. 'ஆறு வயசுதான்' என்பவரிடம் இந்தக் கோட்டைக் காட்டுங்கள்.

சுழி, அதாவது உடம்பில் முடி சுழன்று வளரும் இடம், சுத்தமா என்று எல்லோரும் கேட்பார்கள். சுழியால் அதிர்ஷ்டம் வரும் என்று நான் நம்புவதில்லை. ஆனால் விற்கும்போது விலையை அது ஏற்றும், இறக்கும். சுழிக்கு உண்மையான பயன் வேறு. எந்த இரண்டு குதிரைக்கும் சுழிகள் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. விற்பனைச் சீட்டில் நிறம், வெள்ளைக் குறிகளோடு சுழிகள் இருக்கும் இடத்தையும் எழுதி, நான்கு பக்கமும் போட்டோ எடுத்து இணையுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மருத்துவர் பார்த்தாக வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கம்தான். கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதுதான் சட்டம்.

விற்பவராக இருந்தால் கடிக்கும், உதைக்கும், லாரிச் சத்தத்துக்கு மிரளும் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். தெரியாமல் ஏறி விழுவது பெரும்பாலும் ஒரு பிள்ளையாகத்தான் இருக்கும். தின்று பழகிய கொள்ளு, தவிடு, புல்லில் ஒரு வாரத்துக்கு ஆகிற அளவு கூடவே கொடுத்தனுப்புங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனியைத் திடீரென்று மாற்றினால் வரும் வயிற்றுவலி உயிரையே எடுத்துவிடும். வாங்கியவர் பழைய தீனியில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 7 முதல் 10 நாளில் மாற்றட்டும்.