தீப்பிடித்த படகுக்குக் கூடுதல் புள்ளி

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் என்னிடம் ஐசிடி படிக்க வரும் பொடியன்கள் இருவருக்கு ஒரே ஆசை: ஒன்லைன் கேமுக்குள் மனிதரைப் போலவே விளையாடும் ஏஐ ஒன்றைச் செய்துவிட வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் பெரிய ஆட்களே வழுக்கிய பாதை இது.

முதல் வழுக்கல், புள்ளியையே நோக்கம் என்று நினைப்பது. 2016 இல் ஓப்பன்ஏஐ, கோஸ்ட்ரன்னர்ஸ் என்ற படகுப் பந்தய கேமில் ஒரு ஏஐயைப் பழக்கியது. பந்தயத்தை முடிப்பதற்குப் புள்ளி இல்லை, வழியிலுள்ள இலக்குகளை இடித்தால்தான் புள்ளி. படகு ஒரு மூலைக்குள் புகுந்து, திரும்பத் திரும்ப முளைக்கும் மூன்று இலக்குகளையே சுற்றிச் சுற்றி இடித்தது. தீப்பிடித்தது, மற்றப் படகுகளோடு மோதியது, பந்தயத்தை முடிக்கவேயில்லை. ஆனாலும் மனிதர்களைவிடச் சராசரியாக 20 சதவீதம் கூடுதல் புள்ளி! உப்புவெளிக் கடற்கரையில் இதைச் சொல்லிப் பாருங்கள். கரைக்கு வராத வள்ளத்தின் மீனை யார் நிறுப்பது என்று கேட்பார்கள். புள்ளி விதி எழுதுமுன், ஒரு குழப்படிக்காரப் பொடியன் இதை எப்படி ஏய்ப்பான் என்று யோசியுங்கள்.

அடுத்தது, வசதியை அறிவென்று எண்ணுவது. டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார் என்ற ஏஐ, 2019 ஜனவரியில் காட்டிய ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற போர் வியூக கேமின் ஆட்டங்களில் இரு தொழில்முறை வீரர்களைப் பத்துக்குப் பத்து வென்றிருந்தது. ஆனால் அது கேமராவை நகர்த்தாமலே வரைபடம் முழுவதையும் பார்த்தது. மனிதரைப் போலக் கேமராவை நகர்த்திய பதிப்பு நேரலையில் அந்த இருவரில் ஒருவரான மானாவிடம் தோற்றது. (அந்தப் பதிப்பு பழகிய நாட்கள் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

வெல்வதும் மனிதரைப் போல இருப்பதும் வேறு வேறு. 2012 இன் பொட்பிரைஸ் போட்டியில், அன்ரியல் டோர்னமென்ட் 2004 என்ற சுடும் கேமுக்குள் எதிரே நிற்பது மனிதரா இல்லையா என்று நடுவர்கள் கணித்தார்கள். வென்ற இரு ஏஐகளையும் 52 சதவீதம் தடவை 'மனிதர்' என்றார்கள். உண்மையான மனிதர்களுக்குச் சராசரி 40தான்! அதில் ஒன்று, லாபநட்டம் பாராமல் ஒரே எதிரியை வன்மத்தோடு துரத்தப் பழகியிருந்தது.

சின்ன விசயம் ஒன்று: பொதுச் சேர்வரில் ஏஐயை ஓடவிட்டால் கணக்கை முடக்கிவிடக்கூடும். சொந்தச் சேர்வரில் பழக்குங்கள். ஏஐ பார்த்துப் பழக நண்பர்களின் ஆட்டத்தைப் பதிவதென்றால் முதலில் கேளுங்கள்.

என் பொடியன்கள் இப்போது வென்ற ஆட்டங்களை விட்டுவிட்டு, கோபத்தில் தோற்றவற்றைத்தான் பதிந்துகொண்டிருக்கிறார்கள்.