மீன் குறைகிறதா? துறையிலேயே அளந்து கணக்கெடுக்கும் முறை

இலங்கையின் கிழக்குக் கரையில் வாழைச்சேனை தொடங்கிப் பொத்துவில் வரைக்கும் எந்த மீன்பிடித் துறையில் நின்று கேட்டாலும் மீன் குறைந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். எந்த மீன், எவ்வளவு, எப்போதிருந்து என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஏலக் கொப்பியைப் புரட்டினாலும் விடை கிடைக்காது. அதில் இருப்பது பணக் கணக்கு. மீன் பாதியாகி விலை இரட்டித்தால் கொப்பியில் எந்த மாற்றமும் தெரியாது.

உலகக் கடல்களில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படும் மீன் இருப்புகள் 1974இல் சுமார் 10 சதவீதம் என்றும் 2021இல் 37.7 சதவீதம் என்றும் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு கணக்கிட்டது. துறைகளில் யாரோ உட்கார்ந்து அளந்து எழுதியதால்தான் இப்படியொரு கணக்கே சாத்தியமானது. நோர்வேயின் நான்சன் ஆய்வுக் கப்பல் 1978–80 காலத்தில் இலங்கையைச் சுற்றி மீன்வளத்தை அளந்தது. அதே பெயருடைய புதிய கப்பல் மறுபடி அளக்க வந்தது 2018இல். அத்தனை நீண்ட இடைவெளியில் நம் துறைக்கு எதிரே என்ன நடந்தது என்பதை எழுதிவைக்கும் வேலையை மீனவர் சங்கமே செய்யலாம். இரண்டு பேர், ஒரு பலகை, ஒரு தராசு, ஒரு கொப்பி போதும்.

எந்த மீனைத் தேர்வது

எல்லா மீனையும் அளக்கத் தொடங்கினால் இரண்டு மாதத்தில் வேலை நின்றுவிடும். மூன்று இனம் போதும், மூன்றும் மூன்று விதமாக இருக்கட்டும். ஒன்று கரைவலையில் கூட்டமாக விழும் கும்பளா (கானாங்கெளுத்தி). இன்னொன்று வாகரை, காயான்கேணிப் பக்கத்துப் பாறைகளில் தூண்டிலில் வரும் கலவாய் அல்லது விளைமீன். இவை மெதுவாக வளர்பவை, ஒரு முறை குறைந்தால் திரும்பி வரப் பல ஆண்டு எடுக்கும். மூன்றாவது, வாவியில் தொழில் செய்பவர்களுக்குக் களப்பு நண்டு.

நெத்தலியையும் கீரியையும் மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அவற்றின் ஆயுள் குறைவு. மழை, நீரோட்டம், வெப்பம் மாறினாலே ஒரு வருடம் குவியும், மறு வருடம் காணாமல் போகும். கெலவல்லாவும் (மஞ்சள் துடுப்புச் சூரை) மற்றச் சூரையும் இந்துசமுத்திரம் முழுக்கத் திரிபவை. அவற்றின் இருப்பை இந்துசமுத்திர சூரை ஆணைக்குழு பல நாடுகளின் பதிவுகளைச் சேர்த்துத்தான் மதிப்பிடுகிறது. வாழைச்சேனையில் இறங்கும் கெலவல்லாவை அளந்து எழுதுவது அந்தக் கணக்குக்கு உதவும். ஆனால் அந்த இனம் குறைந்ததா இல்லையா என்பதை ஒரு துறையின் கொப்பியால் சொல்ல முடியாது.

அளவுப்பலகை

75 சென்ரிமீற்றர் நீளம், 15 சென்ரிமீற்றர் அகலமுள்ள நேரான பலகை எடுங்கள். ஒரு முனையில் 8 சென்ரிமீற்றர் உயரத் தடுப்புக்கட்டை ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்துங்கள். துருப்பிடிக்காத உலோக அளவுநாடாவை, பூச்சியக்கோடு தடுப்பின் உட்பக்கத்தைச் சரியாகத் தொடும்படி ஒட்டுங்கள். தையற்காரரின் துணிநாடா வேண்டாம், நனைந்தால் இழுபடும். மேலே இரண்டு பூச்சுப் பைபர் ரெசின். படகு ஒட்டும் இடத்தில் மிச்சம் கிடைப்பதே போதும். நாடாக்களின் முனைக் கொக்கி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஆடும். ஆகவே கொக்கியை வெட்டி எறிந்துவிட்டு 1 சென்ரிமீற்றர் கோட்டைப் பூச்சியமாக வைத்து ஒட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எல்லா எண்ணும் ஒன்று கூடி வரும். இலக்கங்களை அழித்துப் புதிதாக எழுதாவிட்டால் கொப்பி முழுக்கப் பிழையாகிவிடும்.

மீனை இடப்பக்கம் தலை வரும்படி படுக்கவைத்து, வாயை மூடி, மூக்கு தடுப்பைத் தொடும்வரை தள்ளுங்கள். கும்பளாவுக்கும் சூரை இனங்களுக்கும் வால் கவட்டின் நடுப்பள்ளம் வரைக்கும் அளக்க வேண்டும். கவட்டு வாலின் நுனிகள் கூடைக்குள் முறிந்துவிடுவதால் நுனிவரை அளப்பது நம்பகமாக இராது. வால் வட்டமாக இருக்கும் கலவாய்க்கு வால் நுனிவரை. எந்த மீனுக்கு எந்த முறை என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் படம் வரைந்து வையுங்கள். 18.7 என்று வந்தால் 18 என்றே எழுதுங்கள். எப்போதும் கீழே இறக்கித்தான் எழுத வேண்டும். ஒருவர் 19 என்றும் மற்றவர் 18 என்றும் எழுதினால் அந்த வித்தியாசமே மீன் வளர்ந்ததுபோலவோ சிறுத்ததுபோலவோ காட்டும். ஐஸில் கிடந்த மீன் விறைத்து வளைந்திருக்கும், கொஞ்சம் சுருங்கியும் இருக்கும். ஐஸ் போடுமுன் அளந்துவிடுங்கள்.

நண்டுக்கு ஓட்டின் மிக அகலமான இடத்தை அளப்பது. பெண் நண்டைப் புரட்டி வயிற்று மடலையும் பாருங்கள். மடல் ஒடுங்கி முக்கோணமாக இருந்தால் அது இன்னும் பருவமடையாத குட்டி. அகன்று அரைவட்டமாகி நெஞ்சுப்பகுதியை மூடியிருந்தால் பருவமடைந்தது. வெட்டிப் பார்க்கத் தேவையில்லை, நண்டின் விலையும் கெடாது.

கூடையில் இருந்து எடுக்கும் விதம்

அதிகமான கணக்குகள் கெடுவது இந்த இடத்தில்தான். தரம் பிரித்த பெட்டியில் இருந்து எடுத்தால் பெரிய மீனாகவே வரும். கைக்கு அகப்பட்டதை எடுத்தாலும் அப்படித்தான், கை பெரியதைத் தேடும். மீன் கரையில் கொட்டப்பட்ட உடனே, யாரும் பொறுக்குமுன், ஒரு கூடையை அப்படியே அள்ளுங்கள். அதைக் கலந்து இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை விடுங்கள். மிச்சம் 50 முதல் 100 மீனுக்குள் வரும்வரை இப்படியே பாதியாக்கிப் போகலாம். பிறகு அதில் ஒரு மீனையும் தள்ளாமல் அளக்க வேண்டும்.

அளந்த பங்கின் எடையையும் மொத்தப் பிடியின் எடையையும் எழுதுங்கள். உதாரணமாக ஒரு கரைவலை இழுவையில் கும்பளா 120 கிலோ. அளந்த பங்கு 4 கிலோ, அதில் 80 மீன். 120ஐ 4ஆல் பிரித்தால் 30. ஆகவே அந்த இழுவையில் சுமார் 2,400 கும்பளா. 80இல் 62 மீன் சினை பிடிக்காத சிறிசு என்றால், ஒரே இழுவையில் ஏறத்தாழ 1,860 மீன் ஒரு முறைகூட முட்டையிடாமல் கரைக்கு வந்திருக்கிறது.

வலை இழுத்தவர்களுக்குப் பங்காகக் கொடுத்ததும் கறிக்கு எடுத்ததும் கருவாட்டுக்கு ஒதுக்கியதும் தராசுக்கு வராது. கேட்டு எழுதுங்கள். இவற்றில் போவது பெரும்பாலும் சிறிய மீன்.

வாரத்துக்கு இரண்டு நாள் போதும், ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே நாட்களாக இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தொழில் நிறுத்தும் துறைகளில் சனிக்கிழமையை மட்டும் அளந்தால் ஒரு நாள் ஓய்ந்த கடலின் கணக்குத்தான் கிடைக்கும். நிலவுக் காலம், இருட்டுக் காலம் இரண்டும் மாறிமாறி வரட்டும்.

எவ்வளவு பாடுபட்டுப் பிடித்தது

மொத்தக் கிலோவை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். முன்பு 10 துண்டு வலையில் கிடைத்த 18 கிலோ இப்போது 20 துண்டில் கிடைத்தால் அது பாதியாகக் குறைந்த பிடி. ஆகவே ஒவ்வொரு படகுக்கும் வலைத்துண்டு எத்தனை, கண் எத்தனை இஞ்சி, எத்தனை மணித்தியாலம் கடலில் கிடந்தது என்று எழுதுங்கள். 20 துண்டு 6 மணித்தியாலம் கிடந்தால் 120. 18 கிலோவை 120ஆல் பிரித்தால் 0.15 கிலோ. மாதத்துக்கு மாதம் ஒப்பிட வேண்டிய எண் இதுதான். கரைவலைக்கு ஓர் இழுவைக்கு இத்தனை கிலோ, நண்டுக்கு ஒரு கூட்டுக்கு ஓர் இரவில் இத்தனை நண்டு.

கண்ணை அளக்கும்போது நனைந்த வலையில் 10 கண்ணை நீட்டிப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளந்து 10ஆல் பிரியுங்கள். கடையில் சொன்ன அளவும் கையில் இருக்கும் வலையும் ஒன்றாக இருப்பதில்லை.

இரண்டு எண்களை விடவே கூடாது. ஒன்று, எரிந்த மண்ணெண்ணெய். ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு வருடத்துக்கு வருடம் இறங்கினால், பிடி குறையாததுபோலத் தெரிந்தாலும் மீனைத் தேடி அதிக தூரம் போகிறீர்கள் என்று பொருள். இரண்டாவது, வெறுங்கையோடு வந்த படகு. அன்றைக்கு எழுத ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவது வழக்கம். அந்தப் பூச்சியங்களை விட்டால் கொப்பியில் கடல் எப்போதும் நிறைந்தே இருக்கும்.

இடத்தைக் கேட்கும்போது கவனம் தேவை. எந்த மீனவரும் தன் பாறையின் இடத்தைக் கொடுக்கமாட்டார், கொடுக்கவும் வேண்டாம். எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) ஆழம், எந்தத் திசை என்பதே போதும். படகின் பெயருக்குப் பதில் ஒரு குறியெண் போடுங்கள். வரி கேட்பவர், கடன் கொடுத்தவர் கையில் கொப்பி சிக்கும் என்ற பயம் வந்தால் அடுத்த நாளே பொய் எண்கள் வரத் தொடங்கும்.

சினை பார்ப்பது

ஒரு மீன் எந்த நீளத்தில் முதிர்கிறது என்பதை உங்கள் துறையிலேயே கண்டுபிடிக்கலாம். கும்பளாவுக்கு இது சுமார் 18–20 சென்ரிமீற்றர் அளவில் வரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, ஆனாலும் இடத்துக்கு இடம் மாறும். மீனைக் காசு கொடுத்து வாங்கி வெட்டத் தேவையில்லை. கருவாட்டு வாடியிலும் சந்தையில் மீன் வெட்டுபவர் பக்கத்திலும் நில்லுங்கள். அவர் வெட்டுமுன் நீளத்தை அளந்து, வயிறு பிளந்ததும் சினையைப் பாருங்கள். நூல்போல மெல்லியதாக, முட்டை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் முதிராதது. முட்டைமணி தெரிந்து வயிற்றில் பாதிக்கு மேல் நிறைந்தால் முதிர்ந்தது. தொளதொளத்துச் சிவந்து வெறும் பைபோல இருந்தால் முட்டையிட்டு முடித்தது, அதையும் முதிர்ந்ததோடு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 10 பெண் மீனாவது பார்த்தால், பாதி மீன் முதிர்ந்திருக்கும் நீளம் தெரிந்துவிடும். சினைக் காலத்தில் மட்டுமே இதைச் செய்யுங்கள். மற்ற மாதங்களில் பெரிய மீனின் சினையும் சுருங்கிச் சிறிசுபோலத் தெரியும்.

கணக்கைப் படிப்பது

ஜெர்மனியைச் சேர்ந்த மீனியலாளர் ரெய்னர் ஃப்ரோசே 2004இல் மூன்று அளவுகளை முன்வைத்தார். கணினி இல்லாமலே இவற்றைப் பார்க்கலாம். பிடித்ததில் முதிர்ந்த மீன் எத்தனை சதவீதம்? 100ஐ நெருங்க வேண்டும். நடுத்தர அளவில் எத்தனை? அந்த மீன் வளரக்கூடிய மிகப்பெரிய நீளத்தில் மூன்றில் இரண்டை நடு அளவாக எடுத்து, அதற்கு 10 சதவீதம் கீழும் மேலும் பாருங்கள். 60 சென்ரிமீற்றர் வரை வளரும் விளைமீனுக்கு இது 36 முதல் 44 வரை, பிடியின் பெரும்பகுதி இதற்குள் இருக்க வேண்டும். 44க்கு மேற்பட்ட பெருமீன் எத்தனை? பெருமீனைத் தவிர்க்காத தொழிலில் 30–40 சதவீதம் இருந்தால் நல்ல நிலை, 20க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். நீளம் இரட்டித்தால் எடை ஏறத்தாழ எட்டு மடங்கு. முட்டையும் அந்த அளவுக்காவது பெருகும். கலவாயில் நிலைமை இன்னும் மோசம். அது பெண்ணாக முதிர்ந்து, பெருத்த பிறகு ஆணாக மாறும் இனம். பெருமீன் தீர்ந்தால் ஆண்மீனே அற்றுப்போகும்.

ஏமாற்றும் இடங்கள்

எல்லோரும் ஒரே கண் வலை போட்டால் நீளக் கணக்கு வலையைத்தான் காட்டும். செவுள்வலை தன் கண்ணுக்குப் பொருந்தும் பருமனை மட்டும் பிடிக்கும், சிறிசு நழுவும், பெரிசு முட்டித் திரும்பும். அதனால் கரைவலையிலோ தூண்டிலிலோ வந்த மீனையும் சேர்த்து அளக்க வேண்டும்.

கூட்டமாகத் திரியும் மீனில் பிடி கடைசிவரை குறையாமல் இருக்கலாம். மிச்சமுள்ள மீன் ஒரே இடத்தில் திரளும், மீனவர் அங்கேயே போவார். கனடாவின் நியூபவுண்ட்லாந்து கொட் மீனில் நடந்தது இதுதான். இழுவைப் படகுகளின் பிடி நன்றாகவே இருந்தது. 1992இல் மீன்பிடியையே நிறுத்த வேண்டி வந்தது. ஜிபிஎஸ், மீன்காட்டும் கருவி, பெரிய என்ஜின் ஆகியவையும் பிடியை இதேபோல் தூக்கிக் காட்டும். எந்தப் படகு எந்த மாதம் எதை வாங்கியது என்று ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள்.

ஏப்ரலை நவம்பரோடு ஒப்பிடாதீர்கள், ஏப்ரலை ஏப்ரலோடுதான். வாவிக்காரர்கள் பாலமீன்மடு, கல்லாறு முகத்துவாரங்கள் திறந்த நாளையும் மூடிய நாளையும் கட்டாயம் குறிக்க வேண்டும். மீனின் வரவு இவற்றைப் பொறுத்தது.

வாவி இறாலில் முதிர்ச்சிக் கணக்குப் பார்க்கவே கூடாது. வெள்ளை இறாலும் கறுப்பு இறாலும் வாவியில் வளர்ந்து கடலுக்குப் போய்த்தான் முட்டையிடும். ஆகவே வாவியில் எல்லாம் குட்டியாகவே தெரியும், அது இயல்பு. களப்பு நண்டின் சினைப் பெண்ணும் கடலுக்குத்தான் போகும். இந்த இரண்டுக்கும் பார்க்க வேண்டியது, முகத்துவாரத்தில் எத்தனை வலை வழியை மறிக்கிறது, எந்த மாதங்களில் என்பது.

முடிவெடுக்குமுன்

முதிராத மீன் கூடுதலாக வருகிறது என்று கொப்பி காட்டினால், உடனே எல்லோரையும் வலை மாற்றச் சொல்லாதீர்கள். நடக்கவும் நடக்காது. ஒரு படகின் வலையில் இப்போதுள்ள துண்டுகளுக்கு இடையே அரை இஞ்சி பெரிய கண்ணுள்ள துண்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துக் கட்டுங்கள். மிதவை, ஈயம், தொங்கல் அளவு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். 10 இரவு போட்டு, ஒவ்வொரு வலைத்துண்டில் விழுந்த மீனையும் தனித்தனியே பிரித்து அளந்து, ஏலத்தில் கிடைத்த விலையையும் எழுதுங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் பெரிய மீனுக்குக் கிலோ விலை கூட என்பதால் நட்டம் நினைத்த அளவுக்கு வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும். தங்கூசி வலை (ஒற்றை இழை நைலான் வலை) இந்தப் பரிசோதனைக்கு வேண்டாம், அது சட்டப்படி தடை.

12 மாதக் கணக்கு சேர்ந்ததும் ஒரு பிரதியைக் கடற்றொழில் பரிசோதகரிடமும் இன்னொன்றை நாரா என்ற தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கொடுங்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் ஒரு பகுதியை முகாமைப் பகுதியாக அறிவித்து, அங்குள்ள மீனவர்களையே சேர்த்து விதிகள் வகுக்க வழி உண்டு. அதைக் கேட்டுப் போகும்போது சங்கத்தின் கையில் எண்கள் இருக்க வேண்டும். மூலக் கொப்பியை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை உப்புத்தண்ணீரில் கரையும். ஒவ்வொரு பக்கத்தையும் அன்றைக்கே போனில் படமெடுத்து இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள்.