ரேவன்ஸ்காரில் நடக்கச் செல்வோருக்கு ஒரு குறிப்பு

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில், விட்பிக்கும் ஸ்கார்பரோவுக்கும் இடையே கடலோரக் குன்றின் உச்சியில் இருக்கும் ரேவன்ஸ்கார் ஊருக்குச் செல்வோர், முதலில் வடக்குப் பக்கமாக இறங்கிப் பழைய படிகாரத் தொழிற்சாலையின் இடிபாடுகளைப் பார்த்துவிடுவது நல்லது. திரும்பும் வழி நல்ல ஏற்றம், கால் சோர்வதற்கு முன்பே அதை ஏறிவிடலாம். 17ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1862 வரை இயங்கிய இத்தொழிற்சாலைக்காக, குன்றை வெட்டியெடுத்த களிப்பாறையைக் குவித்து மாதக்கணக்கில் எரித்து, நீரில் ஊறவைத்து, அந்தக் கரைசலில் கடற்பாசிச் சாம்பலையோ கப்பலில் கொண்டுவந்த சிறுநீரையோ சேர்த்து, துணியில் சாயம் நிலைக்க உதவும் படிகாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். இந்த விவரம் தெரிந்திருந்தால்தான் அங்கே எஞ்சியுள்ள தாழ்ந்த கற்சுவர்களும் தொட்டிகளும் பொருள்படும்.

பிறகு ஊருக்குத் திரும்பி, கிளீவ்லாண்ட் வே நடைபாதையில் தெற்கே ஏறத்தாழ ஒரு மைல் சென்றால், இரண்டாம் உலகப் போரில் கடலைக் கண்காணித்த ரேடார் நிலையத்தின் கட்டடங்கள், கூரையும் சுவரும் பெருமளவு குலையாமல், வயலோரத்தில் நிற்கின்றன. குன்றின் விளிம்பு தொடர்ந்து சரிந்துவருவதாலும், கோடையிலும் கடல்மூடுபனி திடீரென்று சூழக்கூடும் என்பதாலும், பாதையை விட்டு விளிம்புப் பக்கம் விலகிச் செல்லவே வேண்டாம்.